என் சாளரத்தை நானே திறந்துகொள்கிறேன்

இது நீண்ட பதிவு. பேசுபொருளோ மிகச் சிறியது. ஓர் இணையப் பக்கத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால், அது காட்டும் பக்கம் அதே சாளரத்தில் திறக்க வேண்டுமா, புதிய சாளரத்தில் திறக்க வேண்டுமா? இவ்வளவுதான் கேள்வி. இதற்கா இத்தனை சொற்கள் என்று கேட்போர் உண்டு. பொறியாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நுட்பச் செய்தி என்று ஒதுக்குவோரும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. வாசிப்பவரின் வழியைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது என்ற பழைய கேள்வியே இங்குப் புதிய உடையில் வந்து நிற்கிறது. வாசிப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதில் வாய்திறவாமல் இருப்பது முறையன்று.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பு எழுதியவருக்கு உரியது. சாளரம் வாசிப்பவருக்கு உரியது. எங்கே போகலாம் என்று காட்டுவது எழுதியவரின் வேலை. இருந்த இடத்தை விட்டுப் போவதா, அதைத் திறந்து வைத்துக்கொண்டே போவதா என்பது வாசிப்பவரின் முடிவு. அந்த முடிவை அவரைக் கேளாமல் அவருக்காக எடுப்பது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், அத்துமீறலே. விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் பின்னர்ச் சொல்கிறேன். விதி இதுதான்.

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ஒரு முகவரி இருக்கிறது: லோதி ரோடு, புது தில்லி 110003. அங்குள்ள சி.ஜி.ஓ. வளாகத்தின் ஏ பிளாக்கில் தேசியத் தகவலியல் மையத்தின் தலைமையகம் உள்ளது. அரசின் இணையத்தளங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான வழிகாட்டுக் கையேட்டை இம்மையம் 2009இல் உருவாக்கியது. நிர்வாகச் சீர்திருத்தத் துறை அதனை ஏற்றது. மத்தியத் தலைமைச் செயலகத்தின் அலுவலக நடைமுறைத் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. 2023இல் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அப்பதிப்பில் இம்மையத்தோடு சேர்ந்து உழைத்தவை இரண்டு அமைப்புகள்: தரச்சான்று அளிக்கும் எஸ்டிக்யூசி இயக்ககம், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் சர்ட்-இன். அவ்விரண்டும் அதே வளாகத்தின் எலெக்ட்ரானிக்ஸ் நிகேதனில் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியரகங்களின் தளங்கள் பலவும் இம்மையத்தின் எஸ்3வாஸ் என்னும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. ஆகவே, நாட்டின் ஏதோ ஒரு மூலையில் உள்ள மாவட்டத் தளத்தில் ஓர் இணைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதன் மரபுவழியைத் தேடினால், பெரும்பாலும் லோதி ரோட்டில்தான் போய் முடியும்.

அரசுத் தளம் ஒன்றின் அடிப்பகுதிக்குச் சென்று பாருங்கள். பதிப்புரிமை, தனியுரிமை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘ஹைப்பர்லிங்கிங் பாலிசி’ என்று ஒரு பக்கம் இருக்கும். இணைப்புக் கொள்கை என்று நாம் தமிழில் சொல்லலாம். அப்படி ஒரு கொள்கை ஒவ்வொரு துறைக்கும் இருக்க வேண்டும் என்பது கையேட்டின் எதிர்பார்ப்பு. நல்ல எதிர்பார்ப்புத்தான். ஆனால் அந்தப் பக்கங்களைத் துறை துறையாகத் திறந்து படித்தால் ஒரே வாசகம் சொல் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அதன் சாரம் நான்கு செய்திகள். எங்கள் தளத்திற்கு இணைப்புக் கொடுக்க முன் அனுமதி தேவையில்லை. கொடுத்தால் எங்களுக்குத் தெரிவித்தால் நலம். எங்கள் பக்கங்களை உங்கள் தளத்தின் சட்டகத்துக்குள் ஏற்றக் கூடாது. எங்கள் பக்கங்கள் பயனரின் புதிதாகத் திறக்கப்பட்ட உலாவிச் சாளரத்தில்தான் ஏற வேண்டும்.

முதல் மூன்றோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. நான்காவது செய்திதான் இப்பதிவின் இலக்கு. ஓர் அரசுத் துறை, தன்னைச் சுட்டும் உலகத்துத் தளங்கள் அனைத்துக்கும் ஆணையிடுகிறது: என்னிடம் வருபவர் புதிய சாளரத்தில் வர வேண்டும். நூலாசிரியர் ஒருவர், என் நூலை மேற்கோள் காட்டுவோர் தம் வாசகருக்குத் தனி மேசை போட்டுக் கொடுத்துவிட்டே என் நூலைக் கையில் தர வேண்டும் என்று முன்னுரையில் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இது.

இந்த விசித்திரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால், மூன்றாவது செய்தியின் பக்கத்தில் இது ஒட்டிக்கொண்டிருப்பதிலிருந்து ஊகிக்கலாம். 1996இல் நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு, ஒரே சாளரத்தைப் பல சட்டகங்களாகப் பிரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஓர் இணைப்பு எந்தச் சட்டகத்தில் அல்லது எந்தச் சாளரத்தில் திறக்க வேண்டும் என்று சுட்டும் ‘டார்கெட்’ என்ற பண்பும் அதனோடு பரவியது. உடனே ஒரு சிக்கல் எழுந்தது. பிறர் எழுதியதைத் தன் சட்டகத்துக்குள் காட்டி, சுற்றிலும் தன் விளம்பரத்தை வைத்துக்கொள்ள முடிந்தது. 1997இல் வாஷிங்டன் போஸ்ட் முதலிய செய்தி நிறுவனங்கள் டோட்டல்நியூஸ் என்ற தளத்தின் மீது இதற்காகவே வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தக் காலத்து அச்சத்திற்கு நியாயம் இருந்தது. அரசின் பக்கத்தைப் போலித் தளம் ஒன்று தன் சட்டகத்துக்குள் வைத்துக் காட்டினால் மக்கள் ஏமாறுவார்கள்.

ஆனால் சட்டகத்துக்குள் அடைக்காதே என்பது வேறு. புதிய சாளரத்தில் திற என்பது வேறு. முன்னதை மறுத்தால் பின்னதுதான் மிஞ்சும் என்று அந்த வாசகத்தை எழுதியவர் எண்ணியிருக்கலாம். அது பிழை. இணைப்பைச் சொடுக்கியதும் இருந்த சாளரம் முழுவதையும் புதிய பக்கம் நிரப்பிக்கொள்ளும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. வலையின் இயல்பான வழியே அதுதான். மேலும், சட்டகச் சிக்கலுக்குப் பிறரிடம் வேண்டுகோள் வைக்க வேண்டிய காலமும் போய்விட்டது. என் பக்கத்தை எவருடைய சட்டகத்துக்குள்ளும் காட்டாதே என்று உலாவிக்குச் சொல்லும் ‘எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ்’ என்ற ஒற்றை வரித் தலைப்பை வழங்கியில் சேர்த்தால் போதும். 2013இல் அது ஆவணப்படுத்தப்பட்டு விட்டது. அதனினும் விரிவான வழிகள் பின்னர் வந்துள்ளன. தானே தடுத்துக்கொள்ள முடிந்ததைப் பிறரிடம் கேட்பதும், கேட்க உரிமையில்லாததை ஆணையிடுவதும் ஒரே பத்தியில் இன்றும் உட்கார்ந்திருக்கின்றன.

வெளியிலிருந்து வருவோருக்கு விதித்ததை, வெளியே போவோர் மீதும் சுமத்தினார்கள். கையேடு இங்கே கேட்பது அறிவிப்பை: அரசுசாராத் தளத்துக்குப் போகும் இணைப்பு என்றால் அதைத் தெளிவாகச் சுட்டிக் காட்டுங்கள் என்கிறது. மிகச் சரியான கோரிக்கை. நடைமுறையில் அது என்னவாயிற்று? சொடுக்கியதும் ஒரு பெட்டி எழும்பும். இது எங்கள் தளத்துக்கு வெளியே கொண்டுசெல்லும். அங்குள்ளவை பற்றிய ஐயங்களை அந்தத் தளத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும். சம்மதித்தால் புதிய சாளரம் திறக்கும். அறிவிப்பு வெளியேற்றமாக மாறிவிட்டது. அந்தப் பெட்டி வாசிப்பவருக்குத் தரும் தகவல் சிறிது. அலுவலகத்துக்குத் தரும் பாதுகாப்பே பெரிது. எனக்குப் பொறுப்பில்லை என்று கைகழுவும் அலுவலகக் குறிப்பு அது. கைகழுவுவதற்கு ஒரு சொற்றொடர் போதுமே, சாளரம் எதற்கு?

இப்போது வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இரண்டு நடைமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இணைப்பு அதே சாளரத்தில் திறக்கும்படி விடப்பட்டால், வாசிப்பவர் கையில் இரண்டு வழிகளும் இருக்கின்றன. வெறுமனே சொடுக்கினால் அதே சாளரம். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினாலோ, சுட்டியின் நடுச்சக்கரத்தை அழுத்தினாலோ, கைபேசியில் விரலைச் சற்றுநேரம் ஊன்றினாலோ புதிய தாவல். மாறாக, புதிய சாளரம் என்று எழுதியவர் பூட்டி வைத்துவிட்டால், அதே சாளரத்தில் திறக்கச் செய்யும் எளிய விசை எதுவும் சாதாரண வாசகரிடம் இல்லை. ஒன்று இரு கதவுகளைத் திறந்து வைக்கிறது. மற்றொன்று ஒரு கதவைப் பூட்டுகிறது. விருப்பங்கள் வேறுபடும் இடத்தில் எது இயல்புநிலையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

நம் துறையிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். தொல்காப்பியச் செய்யுளியல் ‘மாட்டு’ என்று ஓர் உறுப்பைச் சொல்கிறது. தள்ளிக் கிடக்கும் சொல்லையும் பொருளையும் கொண்டுவந்து பொருத்தி முடிவு காணும் முறை. இன்றைய இணைப்பின் தொலைதூர மூதாதை என்று சொன்னால் மிகையாகலாம். உறவு இல்லாமல் இல்லை. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை செய்தபோது இந்த மாட்டைத் தாராளமாகப் பயன்படுத்தினார். ஓரிடத்துச் சொல்லை எங்கோ உள்ள அடியோடு சேர்த்துப் பொருள் கொண்டார். மறைமலையடிகள் 1903இல் எழுதிய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை இதை எதிர்த்தது. பாட்டின் போக்கிலே பொருள் கொள்ளாமல் அடிகளைப் பிரித்து அலைத்துப் பொருள் காண்பது பாவலரின் கருத்துக்கு மாறானது என்பது அவர் கட்சி. இருவரில் யார் சரி என்பது இங்குப் பேச்சில்லை. அந்த விவாதம் சாத்தியமானதற்குக் காரணம் ஒன்று உண்டு. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது மூலமும் உரையோடு சேர்ந்தே வெளிவந்தது. உரைகாரர் காட்டிய வழியை ஏற்காதவர், மூலத்துக்குத் திரும்பித் தன் வழியில் படிக்க முடிந்தது. வழிகாட்டிய உரைகாரர் திரும்பும் வழியை அடைக்கவில்லை. அடிக்குறிப்பும் அப்படித்தான்: கண் கீழே இறங்கும், மீண்டும் மேலே ஏறும். புதிய சாளரத்தில் அடைபடுவது அந்தத் திரும்பும் வழிதான். புதிதாகத் திறந்த சாளரத்துக்கு முன்வரலாறு கிடையாது. பின்செல் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

இதை ஒரு சிறு தொல்லை என்று கடந்துபோகலாம், பார்வை நன்றாக உள்ளவர்கள். திரைவாசிப்பான் கொண்டு படிப்பவரை எண்ணிப் பாருங்கள். பார்வையற்ற ஆய்வு மாணவர்கள் பலர் என்விடிஏ போன்ற கட்டணமில்லா மென்பொருளைக் கொண்டுதான் படிக்கிறார்கள். புதிய பக்கத்தின் தலைப்பு காதில் விழும். அது புதிய தாவல் என்பது விழாமலே போகலாம். பின்செல் விசையை அழுத்துவார், ஒன்றும் நடக்காது. வந்த வழி எங்கே போயிற்று என்று தேட வேண்டும். திரையின் ஒரு சிறு பகுதியை மட்டும் பலமடங்கு பெரிதாக்கிப் படிக்கும் குறைபார்வையருக்கு, மேலே தாவல்கள் வரிசையாக முளைத்திருப்பது கண்ணிலேயே படாது. இவர்களுக்காகத்தானே அறிவிப்பு வைத்திருக்கிறோம் என்பார்கள். அறிவிப்பு வைத்திருக்கும் விதத்தையும் பாருங்கள். சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியும் குறிப்பாக வைத்தால், தொடுதிரையில் அது தெரியவே தெரியாது. ஒவ்வோர் இணைப்புக்குப் பின்னாலும் ‘புதிய சாளரத்தில் திறக்கும் வெளித்தளம்’ என்று ஒலிக்கும்படி வைத்தால், இருபது இணைப்புகள் உள்ள பக்கத்தில் அதே வாக்கியத்தை இருபது முறை கேட்க வேண்டும். முதலில் தடையை வைத்து, பிறகு தடை இருக்கிறது என்று கூவுவதைவிட, தடையை வைக்காமலே இருக்கலாம்.

இது இன்று நேற்றுத் தெரிந்த செய்தி அன்று. 1999 மே மாதத்தில் இரண்டு குரல்கள் இதைச் சொல்லிவிட்டன. வலைத் தரநிலைகளை வகுக்கும் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகல்தன்மை நெறிகளின் முதல் பதிப்பு, பயனருக்குத் தெரிவிக்காமல் புதிய சாளரங்களை எழுப்பாதீர்கள் என்றது. பயன்பாட்டியல் ஆய்வாளர் யாக்கப் நீல்சன், வலை வடிவமைப்பில் புதிதாகப் பரவும் பத்துத் தவறுகளைப் பட்டியலிட்டபோது புதிய சாளரம் திறப்பதையும் அதில் சேர்த்தார். அதே ஆண்டின் இறுதியில் வந்த எச்டிஎம்எல் 4.01இன் கறாரான வடிவத்தில் ‘டார்கெட்’ பண்புக்கே இடம் தரப்படவில்லை. ஆனால் நடந்தது என்ன? பண்பை விட்டவர்கள் நிரல் எழுதிச் சாளரத்தைத் திறந்தார்கள். 2014இல் எச்டிஎம்எல் 5 அந்தப் பண்பை மறுபடி சேர்த்துக்கொண்டது. மொழியின் இலக்கணத்தால் இதைத் தடுக்க முடியவில்லை. ஆகவே, இது எழுதுவோரின் ஒழுக்கத்துக்கு விடப்பட்ட செய்தியாகி விட்டது. அதனால்தான் பொறியாளர்களைவிட எழுதுவோரும் பதிப்பிப்போரும் இதைப் பேச வேண்டும் என்கிறேன்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது: வாசகர் எங்கள் பக்கத்தை விட்டுப் போய்விட்டால் திரும்பி வரமாட்டார். இது வணிகத் தளங்களின் கவலை. அவர்களுக்கு வாசகரின் நிமிடங்கள் காசு. பொதுப் பணத்தில் நடக்கும் அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இந்தக் கவலை எதற்கு? தேவையானது கிடைத்ததும் வாசகர் போய்விடுவதுதானே அவற்றின் வெற்றி? திரும்பி வர விரும்புபவருக்குப் பின்செல் பொத்தான் இருக்கிறது. அதை முடக்கிவிட்டு, திரும்பி வருவதற்காகவே இப்படிச் செய்தோம் என்பது முரண்.

இரண்டாவது: ஆய்வாளர்கள் பல தாவல்களைத் திறந்து வைத்துத்தானே வேலை செய்கிறார்கள்? உண்மை. சங்கப் பாடல் ஒன்றைப் படிக்கும்போது மூலம் ஒரு தாவலிலும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் உள்ள தமிழ்ப் பேரகராதி மற்றொன்றிலும், பழைய உரை வேறொன்றிலும் இருக்கும். ஆனால் அது வாசிப்பவர் தானே அடுக்கிய மேசை. எந்த நூல் எங்கே விரிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நூலகப் பணியாளர் ஒருவர் வந்து, நீங்கள் கேளாமலே, விரித்து வைத்த நூலின் மேல் வேறொரு நூலை விரித்துவிட்டுப் போனால் அதை உதவி என்று சொல்வோமா? தாவல் தேவைப்படுபவருக்கு விசை இருக்கிறது.

மூன்றாவது: அந்த விசைகளை அறியாத எளிய மக்களுக்காகவே நாங்கள் திறந்து கொடுக்கிறோம். இது கருணையின் குரலில் வரும் வாதம். ஆகவே கவனமாகப் பார்க்க வேண்டும். கண்ட்ரோல் விசையோடு சொடுக்கத் தெரியாத ஒருவருக்கு, தாவல்களுக்கிடையே மாறவும் அடியில் மறைந்த சாளரத்தைத் தேடி எடுக்கவும் மட்டும் தெரிந்திருக்குமா? இணையத்தில் புதியவர் முதலில் பழகும் ஒரே பாதுகாப்பு, தவறினால் பின்னால் போகலாம் என்பது. அதைத்தான் பறிக்கிறோம். குறைந்த நினைவகம் உள்ள கைபேசியில் தாவல்கள் பெருகினால், பின்னணியில் இருப்பதை உலாவி கைவிட்டுவிடும். திரும்பிப் போகும்போது பக்கம் முதலிலிருந்து ஏறும். இடையில் நிரப்பியது போய்விடவும் கூடும். ஆண்ட்ராய்டு கைபேசியில் குரோம் உலாவி, தாவல்களின் எண்ணிக்கையை ஒரு சிறு கட்டத்தில் காட்டும். நூறு ஆகிவிட்டால் எண்ணுக்குப் பதிலாகச் சிரிக்கும் முகக்குறி ஒன்றைக் காட்டும். அந்தத் தாவல்களில் எத்தனையை அவர் கேட்டுத் திறந்தார்? கைபேசியில் பின்செல் அழுத்தினால் புதிய தாவலை மூடிப் பழையதற்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டைச் சில உலாவிகள் செய்திருக்கின்றன என்பது உண்மை. காயம் இருப்பதால்தானே கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நான்காவது, பாதுகாப்பு. அரசின் தளத்தை விட்டு வெளியேறுகிறோம் என்பது குடிமக்களுக்குத் தெரிய வேண்டும். போலித் தளங்கள் மலிந்த காலத்தில் இது கனமான வாதம். ஆனால் புதிய சாளரம் அதைத் தெரிவிக்கிறதா? அரசுத் தளத்தின் உள்ளேயே உள்ள பிடிஎஃப் கோப்பும் புதிய சாளரத்தில் திறக்கிறது. வெளித்தளமும் புதிய சாளரத்தில் திறக்கிறது. பிறகு புதிய சாளரம் எதன் அடையாளம்? இருக்கும் இடத்தைக் காட்டுவது முகவரிப் பட்டையில் உள்ள பெயர்; அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே பாதுகாப்பு. இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகள், புதிய சாளரத்தில் திறந்த பக்கத்துக்குத் தன்னைத் திறந்துவிட்ட பழைய பக்கத்தை வேறு முகவரிக்கு மாற்றும் ஆற்றல் இருந்தது. நம்பி விட்டுச் சென்ற தாவலில், திரும்பி வருமுன், போலியான உள்நுழைவுப் பக்கம் ஒன்றை வைத்துவிட முடிந்தது. இணைப்பில் ‘நோஓபனர்’ என்று எழுதி இதை அடைக்க வேண்டியிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2020இலும் குரோம் 2021இலும்தான் இதைத் தாமாகவே அடைத்தன. பாதுகாப்பின் பெயரால் திறந்த சாளரம் ஓட்டையாகவும் இருந்தது.

பிடிஎஃப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1999இல் புதிய சாளரத்தைத் தவறு என்ற அதே நீல்சன், 2005இல் பிடிஎஃப் போன்ற ஆவணங்களை மட்டும் புதிய சாளரத்தில் திறக்கலாம் என்றார். ஆவணத்தைப் படித்து முடித்தவர்கள் வழக்கப்படி சாளரத்தையே மூடிவிட, தளமும் சேர்ந்து மூடிப்போனது காரணம். அந்தக் காலத்தில் அந்த அறிவுரை பொருந்தியது. இன்று உலாவியே பிடிஎஃப்பைப் பக்கம்போலக் காட்டுகிறது. பின்செல் பொத்தானும் வேலை செய்கிறது. இப்போது தேவை, இணைப்பின் பக்கத்திலேயே ‘பிடிஎஃப், 3 எம்பி, தமிழ்’ என்ற குறிப்பு. தரவிறக்கும் கோப்புகளின் வடிவத்தையும் அளவையும் சொல்லுங்கள் என்று லோதி ரோட்டுக் கையேடே கேட்கிறது. அதைச் செய்தால் போதும்.

விதிவிலக்குகளைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். அணுகல்தன்மை நெறிகளை விளக்கும் ஆவணங்களும் ஏற்கும் இரண்டு இடங்கள் உண்டு. படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது விதிகளையோ உதவிக் குறிப்பையோ பார்க்க வேண்டிய இடம் ஒன்று. உதவித்தொகை விண்ணப்பத்தில் நாற்பது கட்டங்களை நிரப்பிய மாணவர், தகுதி விதியைப் பார்க்கச் சொடுக்கினால் நிரப்பியது அழிந்துவிடக் கூடாது. உள்நுழைந்து செய்யும் வேலை, இணைப்பைத் தொடர்ந்தால் அறுந்துபோகும் இடம் மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவான சோதனை எளிது: இந்தப் பக்கத்தை விட்டால் வாசிப்பவரின் உழைப்பு அழியுமா? அழியும் என்றால் புதிய சாளரம் திறக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டு. எழுதியவரின் பெருமையோ அலுவலகத்தின் பொறுப்புத் துறப்போ காரணம் என்றால் திறக்கக் கூடாது.

சட்டம் இதைத் தடை செய்யவில்லையே என்பார்கள். சரிதான். கையேட்டின் மூன்றாம் பதிப்பு பின்பற்றும் ஏஏ நிலையில் புதிய சாளரத்துக்குத் தடையில்லை. பயனர் கேட்டால் மட்டுமே சூழல் மாற வேண்டும் என்ற விதி அதற்கும் மேலான ஏஏஏ நிலையில்தான் வருகிறது. ஆனால் சட்டத்தின் திசையைக் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகளில் 15ஆவது விதி, இணையத்தளங்களுக்கான அளவுகோலாக இந்தக் கையேட்டையே சுட்டியது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதி வெறும் பரிந்துரைகளின் தொகுப்பாக நிற்பது தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயமான அளவுகோல்களை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு, எண்ணிம அணுகலை அரசமைப்பின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதியாக வைத்தது. பரிந்துரை என்று எழுதி நிம்மதியாக இருந்த காலம் முடிகிறது. எது கட்டாயம், எது விருப்பம் என்று மறுபடி எழுதப்படும் இந்த வேளையில் கேட்காவிட்டால், பழைய வாசகமே இன்னும் பதினைந்து ஆண்டுகள் நகலெடுக்கப்படும்.

லோதி ரோட்டை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. பல்கலைக்கழகத் துறைகளின் தளங்களையும் மின்னிதழ்களையும் நடத்துபவர்கள் நம்மவர்கள். வலைப்பூவிலோ வேர்ட்பிரஸிலோ இணைப்புச் சேர்க்கும் சிறு பெட்டியில், ‘புதிய தாவலில் திற’ என்ற கட்டத்தைக் குறியிடுவது நம் விரல். வாசகர் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்ற ஆசைதான் அந்த விரலை நகர்த்துகிறது. ஆய்வுக் கட்டுரையில் மேற்கோளை நாம் எதற்காகத் தருகிறோம்? சொன்னதை நம்ப வேண்டாம், மூலத்தைப் போய்ப் பாருங்கள் என்பதற்காக. போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் துண்டைப் பிடித்து இழுப்பது ஆய்வுநெறிக்கு அழகன்று. வாசகர் மூலத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார் என்றால், நம் கட்டுரை தன் வேலையைச் செய்துவிட்டது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. இணைப்புக் கொள்கையில் சட்டகத் தடையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் புதிய சாளர வாசகத்தை நீக்குங்கள். சட்டகத் தடையை வழங்கியிலேயே செய்துகொள்ளுங்கள். வெளித்தள அறிவிப்பை இணைப்பின் பக்கத்தில், கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் ஒரு சொல்லாக, பக்கம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் வையுங்கள். எழும்பும் பெட்டியை விட்டுவிடுங்கள். படிவமும் உள்நுழைவும் தவிர்த்த எல்லா இடங்களிலும் இணைப்பை அதன் இயல்புக்கு விடுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. சேர்க்க வேண்டியதைவிட நீக்க வேண்டியதே அதிகம்.

கையேட்டின் அடுத்த திருத்தத்துக்குக் கருத்துக் கேட்கப்பட்டால், தமிழ்த் துறைகளிலிருந்தும் நூலகவியல் துறைகளிலிருந்தும் கடிதங்கள் போக வேண்டும். வாசிப்பைப் பற்றிய முடிவுகளை வாசிப்பவர்கள் இல்லாத அறையில் எடுக்க விட்டதன் விளைவைத்தான் இப்போது தாவல் தாவலாக மூடிக்கொண்டிருக்கிறோம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்; பதில் சொல்லக் காத்திருக்கிறேன். இணைப்புத் தந்தால் அதை எந்தச் சாளரத்தில் திறப்பது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.